கேட் பாஸும் சிறுமலைப் பழமும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் இருந்து ஏதாவது எழுதித் தரச் சொல்லி உங்கள் மேலாளர் கேட்டார். ஒரே கடவுச்சொல்லில் போன், மடிக்கணினி, அலுவலகம், வங்கி எல்லாம் திறக்கும்படி செய்கிற கம்பெனியாமே உங்களுடையது. நல்லது, செய்யுங்கள். நான் உங்களுக்குத் தொழில்நுட்பம் சொல்லித் தரப் போவதில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் இன்று பழைய பேப்பர்காரர்கூடச் சீந்த மாட்டார். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. என் பயத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இந்தத் தொழிலில் எனக்குக் கடைசி வரை உதவியது அது ஒன்றுதான்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஓய்வு பெறும் வரை கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். திண்டுக்கல்லில் வீடு. காலையில் மில் பஸ் ஏறினால் சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவேன். மில்லில் எல்லோருக்கும் நான் ‘சிஸ்டம் மேடம்’. என் பெயர் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

தொண்ணூறுகளில் அங்கே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். வருகை பதிகிற டைம் ஆபீஸில், பஞ்சுத் தூசி படாமல் வேட்டித் துணி போர்த்தி வைத்திருப்போம். ஷிஃப்ட் மாறும்போது, வெளியே போகிற கிளார்க் உள்ளே வருகிறவரிடம் பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார். டீ கொண்டுவருகிறவருக்குக்கூட அது மனப்பாடம். ஒருமுறை நான் பொறுக்க மாட்டாமல் அதை மாற்றிவிட்டு, டைம் ஆபீஸ்காரர்களிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் போனால் கதவில் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் புதுப் பாஸ்வேர்டு. “எல்லாத்துக்கும் வசதியா இருக்கட்டும்னு நாந்தேன் எழுதுனேன் மேடம்” என்றார் கிளார்க், பாராட்டை எதிர்பார்த்த முகத்தோடு. அவரைத் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. ஒளித்து வைப்பது என்பது எங்கள் ஆட்களுக்கு ஏதோ திருட்டுத்தனம் மாதிரி. அந்த வெள்ளை மனசு எனக்குப் பிடிக்கும். அதை நினைத்தால் பயமாகவும் இருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மில் பெருத்தது. வெளியூர்ப் பெண் பிள்ளைகள் தங்கி வேலை செய்ய உள்ளேயே ஹாஸ்டல் கட்டினார்கள். ஹாஸ்டலில் ஒரு கம்ப்யூட்டர், கேட்டில் ஒன்று, கேண்டீனில் ஒன்று, சம்பளப் பிரிவில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு வைத்துச் சமாளிக்க முடியாமல், எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு மென்பொருளை வாங்கினார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரே எண், ஒரே அட்டை. அதே அட்டைதான் வருகைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளத்துக்கும், கேட்டைத் தாண்டி ஊருக்குப் போவதற்கும்.

ஊருக்குப் போவதில் ஒரு வழக்கம் இருந்தது. ஹாஸ்டல் பெண் தன்னிஷ்டத்துக்கு வெளியே போக முடியாது. அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டும். அது பெற்றோருக்கு அலைச்சலாக இருக்கிறது என்று புது ஏற்பாட்டில் ஒரு சலுகை கொடுத்தார்கள். பதிவு செய்த போனில் இருந்து பெற்றோர் பேசி, சில ரகசியக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் போதும். ஹாஸ்டல் வார்டன் அந்தப் பதில்களைத் தட்டுவார். திரை பச்சையாகும். உடனே கேட்டில் இருக்கிற திரையும் பச்சையாகி, அங்கேயே கேட் பாஸ் அச்சாகிவிடும்.

அந்த ரகசியக் கேள்விகளைப் பற்றிச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மென்பொருளோடு வந்த முதல் கேள்வி, அம்மாவின் குடும்பப் பெயர் என்ன என்பது. எங்கள் பக்கம் யாருக்கு இருக்கிறது குடும்பப் பெயர்? அதை எடுத்துவிட்டு அம்மா பெயர், சொந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பிறந்த தேதி என்று போட்டார்கள். பிறந்த தேதி இன்னும் வேடிக்கை. பள்ளியில் சேர்க்கும்போது அப்பனுக்கும் தெரியாமல் ஆத்தாளுக்கும் நினைவில்லாமல், ஹெட்மாஸ்டரே ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியை எழுதிக்கொள்வார். எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பெண்களுக்கு ஜூனில்தான் பிறந்தநாள். “சார், இந்த ரகசியம் எல்லாமே ஊருக்கே தெரியுமே” என்று கூட்டத்தில் சொன்னேன். எங்கள் பர்சனல் மேனேஜர் பழனிப் பக்கத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். “ஏனுங்க மேடம், தெரிஞ்சவங்கதானுங்க பிள்ளைய கூட்டீட்டுப் போறாங்க. ரொம்ப யோசிக்காதீங்க” என்று முடித்துவிட்டார்.

யோசித்தேன். யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

ஒரு நாள் மத்தியானம் ஹாஸ்டல் அறையில் பிரிண்டர் மக்கர் செய்கிறது என்று வார்டன் ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டிருந்தார். நான் மேசைக்குக் கீழே குனிந்து வயரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்போது போன் அடித்தது. ஸ்பீக்கரைத் தட்டிவிட்டுப் பேசுவது ஸ்டெல்லா அக்காவின் பழக்கம். ஓர் ஆண் குரல். நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் வேலை செய்யும் செல்வராணியின் அப்பா பேசுகிறேன், அவள் அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, பிள்ளையைப் பார்க்கணும் என்று அழுகிறாள், கார் அனுப்பியிருக்கிறேன், உடனே அனுப்பிவிடுங்கள் என்றது. போன் எண் பதிவு செய்த எண்தான். சித்தையன்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் அவள் ஊர்ப் பெயர் சரி. அம்மா பெயர் சரி. பள்ளிக்கூடம், பிறந்த தேதி எல்லாம் கடகடவென்று வந்தது. திரை பச்சையானது.

“பாவம், பிள்ள பதறிப் போகும்” என்று ஸ்டெல்லா அக்கா அவளைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

எனக்கு ஏதோ உறுத்தியது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. பிறகுதான் பிடிபட்டது. பெற்ற பெண்ணின் பிறந்த தேதியைக் கேட்டால் எந்த அப்பாவும் சட்டென்று சொல்ல மாட்டார். “இரும்மா, அவ ஆத்தாகிட்ட கேக்கேன்” என்பார். இந்தக் குரல் பரீட்சைக்குப் படித்த மாதிரி சொன்னது. ஆனால் அதுவும் ஒரு காரணமா? அக்கறையான அப்பாவாக இருந்துவிட்டால்?

செல்வராணி ஓடி வந்தாள். பத்தொன்பது வயதிருக்கும். தலையெல்லாம் பஞ்சு. ஸ்டெல்லா அக்கா விஷயத்தைச் சொன்னார்.

“அப்பாவா பேசுனாரு? அவரு ஒட்டன்சத்திரத்துல லோடு ஏத்திக்கிட்டு கேரளாவுக்குல்ல போயிருக்காரு. போன் அம்மாகிட்டத்தேன் இருக்கும்.” என் பக்கம் திரும்பினாள். “மாமாவா இருக்குமோ…”

துண்டு துண்டாகச் சொன்னாள். அம்மாவின் அண்ணன். அவர் மகனுக்கு இவளைக் கட்டிவைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். அந்த மகனோ ஏற்கெனவே கட்டியவளைக் குடித்துவிட்டு அடித்துத் துரத்தியவன். அப்பாவுக்கு மச்சான் என்றால் வாய் திறக்காது. அதனால் அம்மாதான் இவளை மில்லுக்கு அனுப்பி வைத்திருக்கிறாள்.

அந்த நேரம் கேட்டில் இருந்து வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டார். “பாஸ் வந்துருச்சு, கார் நிக்குது, பிள்ளைய வரச் சொல்லுங்கக்கா. கார்ல வந்தவக அவசரப்படுத்துறாக.”

“போகாத ராணி” என்றார் ஸ்டெல்லா அக்கா.

“நெசமாவே அம்மாவுக்கு முடியலன்னா என்னக்கா செய்ய?” என்று அழுதாள் அவள்.

இதுதான் என் கேள்வியும். எண் சரி, பதில் சரி, எல்லாம் சரி. ஆள் மட்டும் தப்பாக இருக்கலாம். அல்லது ஆளும் சரியாக இருந்து, ஒரு தாய் அங்கே உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கலாம். பிள்ளையை நிறுத்தி வைத்து, ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பெண்ணின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அனுப்பிவைத்து, ஏதாவது ஆகிவிட்டால்?  நாற்காலியில் உட்கார்ந்தேன். செல்வராணியின் எண்ணை எடுத்து மொத்தமாகப் பூட்டினேன். கேட்டில் பச்சை சிவப்பானது.

ஏன் பூட்டினேன் என்று கேட்டால், பூட்டியதை ஒரு நிமிடத்தில் திறந்துவிடலாம். காரில் ஏறிப் போனவளைத் திரும்பக் கூப்பிட எந்த மென்பொருளிலும் பட்டன் கிடையாது. அந்த நேரத்தில் இவ்வளவு தெளிவாக யோசித்தேனா என்றால் இல்லை. பயந்தேன், பூட்டினேன்.

கேட்டில் இருந்து தகவல் போய், உடனே மேனேஜரின் போன். “ஏனுங்க மேடம், சிஸ்டம் சரீன்னு சொல்லியும் நீங்க எதுக்கு நிறுத்தறீங்க? அந்தம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா சொந்தக்காரங்க கேட்டுல வந்து உக்காந்துக்குவாங்க. மொதலாளிக்கு யாருங்க பதில் சொல்றது? நான் வேணா என் கேபின்ல இருந்தே திறந்துடட்டுங்களா?”

அவரால் முடியும். எல்லாவற்றையும் இணைத்ததன் மகிமை அதுதான். அவர் தன் மேசையில் இருந்தபடியே ஒரு பட்டனைத் தட்டினால் கேட் திறந்துவிடும். நான் ஹாஸ்டலில் உட்கார்ந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

“சார், செத்தப் பொறுங்க. அவங்க அம்மா குரலைக் கேட்டுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் தொடாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். ஆனால் பட்டனைத் தொடவில்லை.

பதிவு செய்த எண்ணுக்கு நானே திருப்பிக் கூப்பிட்டேன். அதே ஆண் குரல். “அதேன் எல்லாம் சொல்லியாச்சுல்ல? இன்னும் என்ன?” அம்மாவிடம் கொடுங்கள் என்றேன். முடியாமல் படுத்திருக்கிறாள் என்றார். ஒரு வார்த்தை போதும், மகள் கேட்க வேண்டும் என்றேன். போனைக் கையால் பொத்துகிற சத்தம், உள்ளே ஏதோ முணுமுணுப்பு. எனக்கு அந்த இடைவெளி முழுக்க, மேனேஜர் பட்டனைத் தட்டிவிடுவாரோ என்றுதான் இருந்தது. கேட்டுப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு பெண் குரல். “ராணீ…”

“அம்மா! ஒனக்கு என்னம்மா செய்யுது?”

“மேலுக்குச் சொகமில்ல தாயி. வந்துரு. மாமா காரு அனுப்பிருக்கு, ஏறி வந்துரு.” குரல் கம்மியிருந்தது. உண்மையிலேயே நோயாளியின் குரல்.  தப்புச் செய்துவிட்டேன், பூட்டைத் திறக்க வேண்டும் என்று கை தானாகவே கீ போர்டுக்குப் போனது. “வாரப்ப திண்டுக்கல்லுல நிப்பாட்டி ரெண்டு சிறுமலைப் பழம் வாங்கிட்டு வா தாயி. வாயெல்லாம் கசக்குது.”

“சரிம்மா. வாங்கிட்டு வாரேன்” என்றாள் செல்வராணி.

போனை வைத்தாள். அழுகை நின்றுபோயிருந்தது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

“நான் போகலக்கா.”

ஸ்டெல்லா அக்கா திகைத்துப் போனார். “ஏ பிள்ள, இப்பத்தான வாரேன்னு சொன்ன?”

“சொல்லாட்டி அங்க எங்கம்மாவ அடிப்பாகல்ல?” என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “ஊர்ல இருந்து கிளம்பும்போதே நானும் அம்மாவும் பேசிவச்சது. அம்மா வாயால வரச் சொல்லுற மாதிரி ஆயிட்டா, கூடவே சிறுமலைப் பழம் வாங்கிட்டு வரச் சொல்லணும். அப்படிச் சொன்னா வரக் கூடாதுன்னு அர்த்தம். எங்க வீட்டுல யாரும் அந்த மலை வாழப்பழம் வாங்குனதே இல்ல. அதனால வாய் தவறிக்கூட வராது.”

நான் அவளையே பார்த்தேன். எண் சரி, பதில் சரி, குரலும் தாயின் குரல். எல்லாம் உண்மையாக இருந்தும் அத்தனையும் வேறொருவர் கையில் இருந்தது. தாயும் மகளும் பேசிவைத்திருந்த அந்த ஒரு பொய் மட்டும்தான் அவர்களுடையதாக மிச்சம் இருந்தது.

ஆனால் நிம்மதிப்பட நேரமில்லை. பெண் வர மறுக்கிறாள் என்று கேட்டில் சொன்னால், அம்மாதான் எதையோ சொல்லிவிட்டாள் என்று மாமாவுக்குப் புரிந்துவிடும். பழி வேறு எதன் மேலாவது விழ வேண்டும். மேனேஜரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.  

“மேடம்” என்றார். “எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க.” அவ்வளவுதான் சொன்னார். பிறகு தானே கேட்டுக்கு நடந்து போய்க் காரில் வந்தவர்களிடம் பேசினாராம். “கம்ப்யூட்டர் மொத்தமா பூட்டிக்கிச்சுங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க. இனி அப்பா நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆகும். இந்த எழவெடுத்த மிஷினை வச்சுக்கிட்டு நாங்களே தவிக்கிறோமுங்க.” அவர்கள் கம்ப்யூட்டரையும் மில்லையும் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுக் காரைத் திருப்பினார்கள். என் வேலைக்காலம் முழுவதும் யாராவது கம்ப்யூட்டர் மேல் பழி போட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அன்று மட்டும் அந்த மேனேஜரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

கதை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. அம்மாவின் போன் அணைந்தே கிடந்தது. அந்தத் தாய்க்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. செல்வராணி மிஷினுக்கு முன்னால் நின்றபடியே அழுவதாக சூப்பர்வைசர் வந்து சொன்னார். பூட்டை எடுக்க எனக்குப் பயம். வேறு எங்கிருந்தாவது யாராவது திறந்துவிட்டால்? ஆனால் அந்த மென்பொருளில் ஒன்றைப் பூட்டினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். கேட்டுக்குப் போட்ட பூட்டு கேண்டீன் வரைக்கும் போய், அவள் அட்டைக்குச் சாப்பாடு வரவில்லை. அவளைக் காப்பாற்றப் போட்ட பூட்டு அவளையே பட்டினி போட்டது. ஸ்டெல்லா அக்கா தன் டோக்கனில் வாங்கிய சோற்றையும் வெஞ்சனத்தையும் அவளோடு பகிர்ந்துகொண்டார். வருகையைக் கையால் எழுதினோம். நான் அந்த மென்பொருளை விற்ற பெங்களூர்க்காரர்களோடு போனில் மல்லுக்கட்டி, கேட்டை மட்டும் தனியாகப் பூட்டுகிற வசதியைக் கேட்டு வாங்கினேன். கூடவே இன்னொன்றும் கேட்டேன். கேட் பாஸ் அச்சாவதற்கு முன்னால் அந்தப் பெண்ணே ஹாஸ்டலில் வந்து தன் அட்டையைத் தேய்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். யாரை வெளியே அனுப்புகிறோமோ அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்வையாளர் நாளில், நான் அந்தப் புது ஏற்பாட்டைச் சரிபார்க்கக் கேட்டில் நின்றிருந்தேன். ஒல்லியான ஓர் அம்மா வந்து, செல்வராணியின் தாய் என்றார். பதிவில் இருந்த படமும் முகமும் ஒன்றாக இருந்தன. ஒரு கையில் மட்டும் கண்ணாடி வளையல்கள். இன்னொரு கையில் வளையல் உடைந்து கீறிய தழும்புகள். கையிலிருந்த மஞ்சப்பையில் இருந்து சிறுமலைப் பழச் சீப்பு ஒன்று எட்டிப் பார்த்தது.

ஓடி வந்த செல்வராணி பழத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாவுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தாள்.

“ஒருத்தரும் வரல தாயி, பயப்படாத” என்றார் அம்மா. “ஒங்கப்பா லோடுல இருந்து வந்தாரு. எல்லாத்தையும் சொன்னேன். அம்புட்டு வருசத்துல மொதத் தடவையா ஒங்க மாமனப் பாத்து வாசல்ல மிதிக்காதன்னு சொல்லிப்புட்டாரு. இது சும்மா திங்கத்தேன் வாங்கியாந்தேன். இந்தப் பழப் பேச்ச இனி வச்சுக்கிற முடியாது, ஒங்க மாமன் இந்நேரம் யோசிச்சிருப்பான். வேற ஒண்ணு பேசி வச்சுக்குவோம். நீ தின்னு மொதல்ல.”

வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து இருவரும் பழத்தை உரித்துத் தின்றார்கள். எங்களுக்கும் ஆளுக்கொன்று வந்தது. பிறகு அம்மா மகளின் தலையை இழுத்து, காதுக்குள் ஏதோ சொன்னார். செல்வராணி அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

“அப்படி என்னத்தச் சொன்னீக? எங்களுக்கும் சொல்லுங்களேன்” என்றார் ஸ்டெல்லா அக்கா, ஆசையாக.

“அக்கா, கேக்காதீங்க” என்றேன் நான். ஸ்டெல்லா அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுக்கு மறுபக்கம் போய், அவர்கள் பேசி முடிக்கும் வரை ரோட்டைப் பார்த்தபடி நின்றேன். அந்த வார்த்தை என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.